நகல் ஸ்போர்ட்ஸ் கார் வாங்குவோரே, பத்துப் பொருத்தம் பார்த்தீர்களா?

தாராபுரம் பஸ் நிலையம். மாலை ஆறு மணி. திருப்பூர் பஸ்சுக்கு ஒரு கூட்டம், பழனி பஸ்சுக்கு ஒரு கூட்டம்.

அந்த நேரம் பார்த்து, ரத்தச் சிவப்பு நிறத்தில் ஒரு கார் வந்து நின்றால் என்ன ஆகும்? மேல்கூரை கிடையாது. முன்பக்கம் ஒரு முழ நீளம் கூடுதல். இரண்டு உருண்டை விளக்குகள் தவளைக் கண் மாதிரி துருத்திக்கொண்டு நிற்கின்றன. சக்கரத்தில் சைக்கிள் மாதிரி கம்பிகள். உட்கார இரண்டே சீட்.

டீ மாஸ்டர் ஆற்றுவதை நிறுத்திவிடுவார். பஸ் கண்டக்டர் விசிலை வாயில் வைத்தபடியே திரும்பிப் பார்ப்பார். கூட்டத்தில் ஒருவர் கேட்டே விடுவார்: "ஏனுங்க, இது எந்த நாட்டுக் காருங்க?"

"அந்தக் காலத்து இங்கிலீஷ்காரன் காருங்க!" என்று பெருமையாகப் பதில் வரும்.

அந்தப் பதில் பெரும்பாலும் பொய்! பாடி பைபர். பூசிய பெயிண்ட் போன வருஷத்தது. பைபரைத் தூக்கிப் பார்த்தால் அடியில் நமக்குத் தெரிந்த ஏதோ ஒரு உள்நாட்டுக் காரின் சேசிஸ், எஞ்சின்.

இதற்குத்தான் ‘ரெப்ளிகா' என்று பெயர். நகல் கார். வாங்குவது தப்பா? இல்லை. ஆனால் பேரம் பேசி, அட்வான்ஸ் கொடுத்து, சாவியை வாங்கியவுடன் நீங்கள் எதற்குச் சொந்தக்காரர் ஆகிறீர்கள்? இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். கண்ணுக்குத் தெரியும் காருக்கு அல்ல, ஆர்.சி. புத்தகத்தில் எழுதியிருக்கும் காருக்குத்தான் நீங்கள் சொந்தக்காரர். இரண்டும் ஒன்றாக இருந்தால் யோகம். வேறாக இருந்தால் வம்பு!

லேபிளும் துணியும்

இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு அசல், நகல் சமாசாரத்தை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. திருப்பூர் காதர்பேட்டையில் நுழைந்தால் ஏற்றுமதியில் மிஞ்சிய பனியனும் கிடைக்கும், ‘செகண்ட்ஸ்' சரக்கும் கிடைக்கும். துணி எப்படி, தையல் எப்படி என்று புரட்டிப் பார்த்துத்தான் வாங்குகிறோம். லேபிளை மட்டும் பார்த்து யாரும் ஏமாறுவதில்லை.

காரில் மட்டும் தலைகீழ். அழகில் மயங்கி லேபிளையும் பார்ப்பதில்லை, துணியையும் பார்ப்பதில்லை.

கதைக்காக ஒருவரை வைத்துக்கொள்வோம். பனியன் கம்பெனியில் கணக்கு எழுதியவர். பிறகு தாராபுரத்திலேயே நாலு பவர் டேபிள் போட்டு, சனிக்கிழமை சம்பளம் தவறாமல் கொடுத்து, படிப்படியாக முன்னுக்கு வந்தவர். சின்ன வயதில் டூரிங் கொட்டகையில் கதாநாயகன் திறந்த காரில் போனதைப் பார்த்த ஆசை இன்னும் மனதில் இருக்கிறது. இப்போது கையில் கொஞ்சம் பணம். எங்கோ ஒரு நகல் கார் விலைக்கு வருகிறது என்று புரோக்கர் சொல்கிறார்.

இவர் என்ன செய்ய வேண்டும்? அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

நகலுக்கு என்ன மவுசு?

முதலில், ஏன் நகல் செய்கிறார்கள்?

அமெரிக்காவில் கரோல் ஷெல்பி என்ற பந்தய வீரர் 1962-ல் ஒரு வேலை செய்தார். இங்கிலாந்தின் ஏ.சி. கம்பெனி செய்த இலேசான காரில் போர்டு கம்பெனியின் பெரிய வி-8 எஞ்சினைத் தூக்கி வைத்தார். அதுதான் கோப்ரா. அப்போது செய்த அசல் கார்கள் சுமார் ஆயிரம்தான். அவர் செய்த முதல் கோப்ரா 2016-ல் அமெரிக்காவில் ஏலத்துக்கு வந்தது. போன விலை 1 கோடியே 37 லட்சத்து 50 ஆயிரம் டாலர்! ரூபாய் அல்ல, டாலர்.

இந்த விலைக்கு யார் வாங்குவது? அதனால்தான் நகல் பிறந்தது. இன்று உலகத்தில் ஓடும் கோப்ராக்களில் அசலைவிட நகல் பல மடங்கு அதிகம்.

இங்கிலாந்தில் இன்னொரு வேடிக்கை. கோலின் சாப்மன் என்பவரின் லோட்டஸ் கம்பெனி 1957-ல் ‘செவன்' என்ற ஸ்போர்ட்ஸ் காரைக் கொண்டு வந்தது. முழுக் காராக வாங்கினால் அந்த நாட்டில் அப்போது விற்பனை வரி. உதிரி பாகங்களாக வாங்கி வீட்டில் மாட்டிக்கொண்டால் வரி கிடையாது. மாட்டும் முறையை அச்சடித்துத் தரக்கூடாது என்று நிபந்தனை இருந்ததால், ‘கழற்றும் முறை' என்று புத்தகம் கொடுத்தார்கள், வாங்கியவர் அதைக் கடைசிப் பக்கத்திலிருந்து படித்து மாட்டிக்கொண்டார் என்று இன்றும் சொல்லிச் சிரிப்பார்கள். 1973-ல் அந்தக் காரைச் செய்யும் உரிமையை கேட்டர்ஹாம் என்ற கம்பெனி வாங்கியது. அங்கே ‘செவன்' இன்னும் பிறந்துகொண்டிருக்கிறது.

நம் நாட்டிலும் உண்டு. மும்பை அருகே அலிபாக்கில் சிங்காரா மோட்டார்ஸ் என்ற சின்ன கம்பெனி, அந்த லோட்டஸ் செவன் சாயலில் ‘ரோட்ஸ்டர்' என்ற பைபர் பாடி காரைச் செய்தது. எஞ்சின் எது தெரியுமா? நம்ம அம்பாசிடர் காரில் வந்த 1.8 லிட்டர் இசுசூ எஞ்சின்!

வண்டலூர் ஹெரால்டு

தமிழ்நாட்டுக்கும் இந்தக் கதையில் பங்கு உண்டு. சென்னையை அடுத்த வண்டலூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி 1961-ல் ஹெரால்டு காரைக் கொண்டு வந்தது. டாக்டர், வக்கீல், மில் அதிகாரி என்று பலர் வைத்திருந்த கார். முன்பக்க பானட் முழுவதும் மக்கார்டுடன் சேர்ந்து முன்னால் கவிழ்ந்து திறக்கும். பழைய மெக்கானிக்குகள் இன்றும் கைகொட்டிச் சொல்வார்கள்: "அந்த மாதிரி வேலை செய்யச் சவுகரியமான வண்டி வேற இல்லீங்க."

ஹெரால்டின் விசேஷம், அதற்குத் தனி சேசிஸ். பாடியை போல்ட் கழற்றித் தூக்கிவிடலாம். இங்கிலாந்தில் டிரையம்ப் கம்பெனி இதே ஹெரால்டு சேசிசைக் குறுக்கி 1962-ல் ‘ஸ்பிட்பயர்' ஸ்போர்ட்ஸ் காரைச் செய்தது. 1970-களில் அங்கே ‘ஜென்ட்ரி' என்று ஒரு நகல் வந்தது. சேசிஸ் ஹெரால்டு; மேலே 1953 முதல் 1955 வரை வந்த எம்.ஜி. டி.எப். காரின் தோற்றம்.

அதாவது, தொழில்முறையில் பார்த்தால் நம்ம ஊர் டிங்கரிங் பட்டறையிலும் முடிகிற காரியம்தான். கை வேலைக்கு இங்கே பஞ்சமில்லை.

கரூர் பஸ் ஓடலாம், இது ஏன் ஓடக்கூடாது?

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும்.

"ஏனுங்க, சேசிசை மட்டும் வாங்கிட்டு வந்து கரூர்ல பஸ் பாடி கட்டுறாங்க. நாமக்கல்ல லாரிக்குக் கட்டுறாங்க. அதெல்லாம் ஓடுதுங்களே? நான் கார் சேசிஸ் மேல பாடி கட்டினா மட்டும் என்னங்க தப்பு?"

வித்தியாசம் இதுதான். பஸ் சேசிஸ் கம்பெனியிலிருந்தே பாடி இல்லாமல் வருகிறது. பாடி கட்டியவர் அதற்கென உள்ள சான்றிதழ் கொடுக்கிறார். அதன் பிறகுதான் முதன்முதலாகப் பதிவு. ஆகவே, ஆர்.சி. புத்தகத்தில் இருப்பதும் ரோட்டில் ஓடுவதும் ஒன்று.

ஹெரால்டு கதை அப்படி இல்லை. முழுக் காராகவே பதிவானது. பாடி வகை சலூன் என்று எழுதியாகிவிட்டது. இத்தனை பேர் உட்காரலாம் என்று எழுதியாகிவிட்டது. பிறகு அதை அறுத்து இரண்டு சீட் திறந்த காராக மாற்றினால், புத்தகத்தில் ஒரு கார், ரோட்டில் ஒரு கார்.

சுப்ரீம் கோர்ட்டு சொன்னது

1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு இதைத்தான் தடுக்கிறது. தயாரித்த கம்பெனி முதலில் குறிப்பிட்ட விவரங்களுக்கும் ஆர்.சி. விவரங்களுக்கும் வேறுபாடு வரும்படி வண்டியை மாற்றக்கூடாது.

கேரளத்தில் இது வழக்காகி, ஐகோர்ட்டு சில மாற்றங்களுக்கு இடம் கொடுத்தது. அப்பீலில் 9-1-2019 அன்று சுப்ரீம் கோர்ட்டு அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. கம்பெனி குறிப்பிட்டபடிதான் வண்டி இருக்க வேண்டும் என்று கூறிவிட்டது. எரிவாயுவுக்கு மாற்றுவது, அதே வகை எஞ்சினைப் போடுவது போன்ற சிலவற்றுக்கு மட்டும் சட்டப்படி அனுமதி வாங்க வழி இருக்கிறது.

அதே 2019-ல் சட்டத்தைத் திருத்தி தண்டனையும் வைத்தார்கள். அனுமதியில்லாமல் வண்டியை மாற்றும் சொந்தக்காரருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ.5 ஆயிரம் அபராதம், அல்லது 6 மாதம் வரை ஜெயில், அல்லது இரண்டும்!

"மாற்றியது நான் இல்லீங்க, எனக்கு முன்னால வச்சிருந்தவருங்க" என்று நீங்கள் சொல்லலாம். சொல்லிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். ரோட்டில் நிறுத்தும்போது ஸ்டீரிங்கைப் பிடித்திருப்பவர் நீங்கள்!

பழைய கார் சலுகை கிடைக்குமா?

"ஐம்பது வருஷக் காருக்குத் தனி நம்பர் தர்றாங்க, அதுல நுழைச்சுடலாமுங்க" என்று புரோக்கர் ஆசை காட்டலாம். நம்பாதீர்கள்.

2021 ஜூலையில் மத்திய அரசு அப்படி ஒரு விதி கொண்டு வந்தது உண்மை. முதல் பதிவு முடிந்து 50 ஆண்டுக்கு மேலான காருக்கும் இரு சக்கர வண்டிக்கும் ‘வி.ஏ.' எழுத்துடன் தனி நம்பர் கிடைக்கும். புதிதாகப் பதிய ரூ.20 ஆயிரம், மறுபதிவுக்கு ரூ.5 ஆயிரம். பத்து ஆண்டு செல்லும். தினசரி உபயோகத்துக்கு ஓட்டக்கூடாது.

ஆனால் அதே விதியில் இன்னொரு வரி. வண்டி அசல் வடிவில் இருக்க வேண்டும். சேசிஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. நகல் கார் இதில் எப்படி நுழையும்? அடியில் இருக்கும் சேசிசுக்கு 60 வயது ஆனாலும் மேலே இருக்கும் பாடி காட்டிக்கொடுத்துவிடும்.

பத்துப் பொருத்தம்

பெண் பார்க்கப் போனால் பத்துப் பொருத்தம் பார்க்கிறோம். நகல் காருக்கும் பத்துப் பொருத்தம் பாருங்கள். ஆர்.சி. புத்தகத்தை ஒரு கையில் வைத்துக்கொண்டு, காரைச் சுற்றி வந்து ஒவ்வொன்றாக டிக் அடியுங்கள்:-

தயாரித்த கம்பெனி, மாடல், தயாரித்த வருஷம், பாடி வகை, சீட் எண்ணிக்கை, நிறம், எரிபொருள், எஞ்சினின் சி.சி., எஞ்சின் நம்பர், சேசிஸ் நம்பர்.

இதில் பெயர்ப் பொருத்தம் முக்கியம். சிறு கம்பெனி செய்து விற்ற நகல் என்றால் புத்தகத்தில் அந்தக் கம்பெனியின் பெயரே இருக்க வேண்டும். வெளியே பார்க்க இங்கிலீஷ் கார், புத்தகத்தில் மாருதி என்றால் பொருத்தம் இல்லை.

உயிர்ப் பொருத்தம் சேசிஸ் நம்பர். பேப்பரை வைத்து பென்சிலால் தேய்த்து நீங்களே அச்சு எடுங்கள். எழுத்து ஒரே சீராக விழ வேண்டும். நம்பரைச் சுற்றி வெல்டிங் தழும்போ, அரத்தால் ராவிய அடையாளமோ இருந்தால் அந்த இடத்திலேயே கும்பிடு போட்டுவிட்டு பஸ் ஏறுங்கள். திருட்டு வண்டியாகவும் இருக்கலாம்.

நிறம் மட்டும் மாறியிருந்தால் பயமில்லை. ஆர்.டி.ஓ. ஆபீசில் மனுக் கொடுத்துப் பதிந்துகொள்ளலாம்.

பதினைந்து ஆண்டு முடிந்த கார் என்றால் ஆர்.சி. புதுப்பித்திருக்கிறதா என்று தேதியைப் பாருங்கள். அதன் பிறகு ஐந்தாண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். அப்போதெல்லாம் இன்ஸ்பெக்டர் முன்னால் காரைக் கொண்டுபோய் நிறுத்தியாக வேண்டும். ஒளிந்திருந்த வம்பு பெரும்பாலும் அன்றைக்குத்தான் வெளியே வரும்.

பெயர் மாற்றாத வண்டி

"ஓப்பன் லெட்டர் தர்றேன், பேரை அப்புறமா மாத்திக்கலாமுங்க" என்று விற்பவர் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். இது விற்பவருக்கும் ஆபத்து.

2018 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட்டில் ஒரு வழக்கு தீர்ப்பானது. கார் விற்றாகிவிட்டது. பல கை மாறிவிட்டது. ஆர்.சி.யில் மட்டும் பழைய பெயர். விபத்து நடந்தது. நஷ்ட ஈடு யார் கொடுப்பது? ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே சொந்தக்காரர், அவரே பொறுப்பு என்று கோர்ட்டு கூறிவிட்டது. காரைக் கண்ணால் பார்த்தே வருஷக் கணக்கானவர் பணம் கட்ட வேண்டிய நிலை!

சட்டப்படி, விற்றவர் 14 நாளிலும் வாங்கியவர் 30 நாளிலும் தெரிவிக்க வேண்டும். அதற்கு 29, 30 என்ற பாரங்கள். நம்ம பக்கம் டி.என்.78 தாராபுரம் ஆபீஸ். மும்பை, பெங்களூர் என்று வெளிமாநிலக் கார் என்றால் அங்கிருந்து 28-ம் பாரத்தில் தடையில்லாச் சான்று வேண்டும். இங்கே வரியும் கட்ட வேண்டும். காரின் மேல் கடன் இருந்தால் பாங்கிக்காரர் கையெழுத்துப் போட்ட 35-ம் பாரம் வேண்டும்.

ஆகவே முழுப் பணத்தையும் முதல் நாளே எண்ணி வைக்காதீர்கள். ஒரு பகுதியை, பெயர் மாறிய பிறகு தருவதாக எழுதிக்கொள்ளுங்கள். யோக்கியமான ஆள் ஒப்புக்கொள்வார்.

இன்சூரன்சில் பள்ளம்

மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் இல்லாமல் எந்தக் காரும் ரோட்டுக்கு வரக்கூடாது. வாங்கிய 14 நாளுக்குள் பாலிசியை உங்கள் பெயருக்கு மாற்ற மனுக் கொடுங்கள்.

சொந்த சேதத்துக்கும் சேர்த்து பாலிசி எடுத்தால் இன்னொரு விஷயம். விபத்தில் பாகம் மாற்றும்போது தேய்மானம் என்று பிடித்துக்கொள்வார்கள். பைபர் பாகத்துக்கு 30 சதவீதம், ரப்பர், பிளாஸ்டிக்குக்கு 50 சதவீதம் என்பது வழக்கமான கணக்கு. சாதாரணக் காரில் பைபர் கொஞ்சம்தான் இருக்கும். நகல் காரில் பாடியே பைபர். எருமை மாடு ஒரு உரசு உரசினாலும் கைக்காசு போகும்!

அதைவிட முக்கியம், வண்டி எப்படிப்பட்டது என்பதை பாலிசி எடுக்கும்போதே மறைக்காமல் எழுதுங்கள். மறைத்த மாற்றம் பிறகு தெரிந்தால் பணம் வராது.

பட்டறையில் ஒரு மணி நேரம்

பேப்பர் சரி. இனி இரும்பு. நம்பகமான மெக்கானிக் ஒருவரைக் கூடக் கூட்டிப் போங்கள்.

பைபர் துருப்பிடிக்காது. ஆனால் அதன் அடியில் இருக்கும் சேசிஸ் துருப்பிடிக்கும். வெளியே பளபளப்பு, உள்ளே பொடிப்பொடி. ஜாக்கி போட்டு அடியில் டார்ச் அடித்துப் பாருங்கள். கதவு கீல், பானட் கீல் பக்கம் பைபரில் மயிரிழை வெடிப்பு இருந்தால் சேசிஸ் முறுக்கிக்கொள்கிறது என்று சந்தேகப்படுங்கள். பெரிய எஞ்சின் போட்டு, பிரேக் மட்டும் பழையதாக விட்டிருந்தால் அது கார் அல்ல, யமன் வாகனம்.

ஒரு லாபமும் உண்டு. அசல் இங்கிலீஷ் காருக்கு ஒரு வாஷர் வேண்டுமானாலும் கப்பலில் வர வேண்டும். நகல் காரின் எஞ்சின் உள்நாட்டுச் சரக்கு என்றால் கோவைக்குப் போனால் உதிரி பாகம் கிடைக்கும். பழகிய மெக்கானிக்கும் கிடைப்பார்.

வேகம்தான் ஆசையா?

புத்தகம் பொருந்தாத கார் ஏற்கெனவே உங்களிடம் மாட்டிக்கொண்டதா? ரோட்டில் ஓட்டி வம்பை வளர்க்காதீர்கள். தனியார் இடத்தில் நிறுத்தி அழகு பார்க்கலாம்.

வேகம்தான் ஆசை என்றால் அதற்கு நம்ம கோவை வழிகாட்டியிருக்கிறது. சோழவரம் பந்தயங்களில் புகழ் பெற்ற கோவை எஸ்.கரிவரதன், மாருதி 800 எஞ்சினை ஒற்றை சீட் பந்தயக் காரில் வைத்து ‘பார்முலா மாருதி'யைச் செய்தார். ரோட்டில் ஓட்ட அல்ல, பந்தயத் தடத்தில் ஓட்ட. அந்தக் காரில் பழகியவர்தான் பிறகு உலகப் பந்தயத்துக்குப் போன நரேன் கார்த்திகேயன். கரிவரதன் 1995-ல் விமான விபத்தில் மறைந்தார். கோவை செட்டிபாளையத்தில் 2003-ல் திறந்த பந்தயத் தடத்துக்கு அவர் பெயரையே வைத்தார்கள்.

உள்ளூர் எஞ்சின், உள்ளூர் கைவேலை, ஆனால் ஓட வேண்டிய இடத்தில் ஓடியது. யாரும் அதை நிறுத்தி ஆர்.சி. கேட்கவில்லை!

வீட்டுக்காரம்மா கேள்வி

இனி நம்ம பவர் டேபிள்காரரிடம் வருவோம். பொருத்தம் எல்லாம் பார்த்து, ஊருக்கு வந்து வீட்டில் சொல்கிறார். வீட்டுக்காரம்மா ஒரே கேள்வி கேட்பார்:

"ஏனுங்க மாமா, ரெண்டே சீட்டுங்கறீங்க. பசங்களை எங்க உட்கார வைக்கிறது? ஆடிக் காத்துல அம்மியே பறக்கும். இந்தக் காத்தாடி ஊருக்குள்ள கூரையில்லாத வண்டியில போனா கண்ணுல மண்ணு விழாதுங்களா?"

இதற்கு எந்த ஆர்.டி.ஓ. பாரத்திலும் பதில் கிடையாது. சித்திரை வெயிலில் மத்தியானம் அந்தக் காரில் உட்கார்ந்தால் சீட்டில் தோசை வார்க்கலாம் என்பதும் நிஜம். வேகத்தடை ஒவ்வொன்றிலும் அடிவயிறு தட்டும் என்பதும் நிஜம்.

ஆனாலும் ஆசை ஆசைதானே? ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை, காங்கயம் ரோட்டில் ஊதியூர் மலையைப் பார்த்தபடி நிதானமாக ஒரு சுற்று. கஷ்டப்பட்டுச் சம்பாதித்தவர் அதற்கு ஆசைப்படுவதில் குற்றம் இல்லை. அந்தச் சுற்று முடிந்து வரும்போது செக்போஸ்டில் போலீசார் கை காட்டினால் வயிற்றைக் கலக்கக் கூடாது. அவ்வளவுதான்.

பத்தும் பொருந்திய காரில் வந்து டீக்கடையில் நிறுத்துங்கள். "அசல் காருங்களா?" என்று கூட்டம் கேட்கும். தலை நிமிர்ந்து சொல்லலாம்:

"இல்லீங்க, நகல்தானுங்க. ஆனா புக்கு அசலுங்க!"